அல்கோனாக்: படகுத் தொழிலும் விசைப்படகுப் பந்தயமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அல்கோனாக். எதிர்க்கரை கனடா. ஊரை ஒட்டி ஆறு பல கிளைகளாகப் பிரிந்து செயின்ட் கிளேர் ஏரியில் சேர்கிறது. நாணல் மண்டிய அந்தச் சதுப்பில் நடந்த வாத்து வேட்டையிலிருந்தே ஊரின் படகுத் தொழில் முளைத்தது.

வேட்டைக்கு வருவோருக்கு வழிகாட்டிய கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் (1861–1939) தன் முதல் படகைக் கட்டியபோது வயது 13. சகோதரர் ஹென்றியுடன் வேட்டைப் படகுகள் கட்டி விற்றவர், பெட்ரோல் இயந்திரம் வந்ததும் வேகப் படகுகளில் இறங்கினார். 1915இல் அவர் கட்டிய ‘மிஸ் டெட்ராய்ட்’ அமெரிக்க விசைப்படகுப் பந்தயமான தங்கக் கோப்பையை வென்றது. மறு ஆண்டே அந்தப் படகையும் பட்டறையின் பெரும்பங்கையும் கார் வுட் வாங்கினார். சரக்கு லாரியின் தொட்டியைச் சாய்க்கும் நீரழுத்தத் தூக்கியைக் கண்டுபிடித்துச் செல்வம் சேர்த்தவர் அவர்.

வேகத்தின் சூட்சுமம் படகின் அடியில் இருந்தது. அடிப்பலகையின் குறுக்கே ஒரு படி அமைத்திருப்பார்கள். வேகம் ஏறியதும் படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன்மேல் சறுக்கி ஓடும். நனையும் பரப்பு குறையக் குறையத் தடையும் குறையும். 1917 முதல் 1921 வரை தொடர்ந்து ஐந்து முறை தங்கக் கோப்பை வுட்டுக்கே கிடைத்தது. 1920இல் இங்கிலாந்து சென்று பன்னாட்டு விசைப்படகுப் பந்தயமான ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையையும் வென்று வந்தார். 1932 செப்டம்பரில் அல்கோனாக்கில், செயின்ட் கிளேர் ஆற்றிலேயே வுட்டின் ‘மிஸ் அமெரிக்கா 10’ படகு மணிக்கு 124 மைலைத் தாண்டியது. நான்கு பேக்கார்ட் இயந்திரங்கள், சுமார் 6,400 குதிரைத்திறன்! புகழெல்லாம் ஓட்டிய வுட்டுக்குப் போனது. அவ்வளவு விசையையும் தாங்கிய மர உடலைக் கட்டிய நெப்போலியன் லிசியின் பெயரையும் அதே மூச்சில் சொல்வதுதான் நியாயம்.

இதற்கு முன்பே ஸ்மித் 1922இல் மகன்களோடு தனி நிறுவனம் தொடங்கினார். அதுவே பின்னாளில் உலகறிந்த ‘கிறிஸ்-கிராஃப்ட்’. மகாகனிப் பலகையில், ஒரே அளவில், வரிசையாகப் படகுகள் இறங்கின. அடிப்பாகத்துக்கு இரண்டு அடுக்குப் பலகை. நடுவில் பசை தோய்த்த கித்தான். தண்ணீரில் இறக்கியதும் மரம் ஊறிப் பருத்து இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் உலகப்போரில் இந்நிறுவனம் தன் ஆலைகளில் பல்லாயிரம் தரையிறங்கு படகுகளைக் கட்டியது. 1960இல் ஸ்மித் குடும்பம் நிறுவனத்தை விற்றது; தொழிலும் படிப்படியாகப் புளோரிடாவுக்கு நகர்ந்தது. அல்கோனாக் ஆலை 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டது.