வானில் ஒரு செவிலி: ஒரு தகுதியின் வரலாறு

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு எதிரே வில்லிங்டன் தீவு. அங்குள்ள கடற்படை விமானத்தளத்தில் 2015 ஜூலை 24 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மனித இதயத்தைச் சுமந்து டார்னியர் விமானம் வந்திறங்கியது. அந்தப் பயணம் பெரிதும் பேசப்பட்டது. குறைவாகப் பேசப்படுவது வேறொன்று: லட்சத்தீவின் நோயாளிகள் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுவரப்படுவது. கவரத்திக்கும் கொச்சிக்கும் இடையே 404 கி.மீ. கடல். அவ்வழியில் நோயாளியின் அருகே அமர்பவர் என்ன கற்றிருக்க வேண்டும்?

இக்கேள்விக்கு முதல் விடையைத் தந்தது இரண்டாம் உலகப்போர். 1943 பிப்ரவரி 18 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் போமன் ஃபீல்டில் விமானச் செவிலியரின் முதல் வகுப்பு பயிற்சியை நிறைவுசெய்தது. வந்தவர்கள் ஏற்கெனவே தகுதிபெற்ற செவிலியர். ஆயினும் உயரத்தில் உடலியங்கும் விதம், நோயாளிகளை விமானத்தில் ஏற்றும் முறை, விபத்துக்குப் பின் உயிர்பிழைத்தல் என நான்கு வாரம் மீண்டும் மாணவரானார்கள். விமானத்தில் பெரும்பாலும் மருத்துவர் இல்லை. செவிலியரும் ஓர் உதவியாளருமே பொறுப்பு. அத்தகைய பிரிவொன்று அவ்வாண்டே அசாமின் சபுவாவுக்கும் வந்தது. போர்க்காலத்தில் வான்வழி கொண்டுசெல்லப்பட்ட 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் வழியில் இறந்தவர் 46 பேர் என்பது அமெரிக்கப் பதிவு.

தரையில் பெற்ற அறிவு ஏன் போதவில்லை? 8,000 அடி உயரத்தில் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. நெஞ்சுக்கூட்டில் சிக்கிய சிறிதளவு காற்றும் அங்கே ஆபத்தாகலாம். தாழப் பறக்கும் ஹெலிகாப்டரில் இச்சிக்கல் குறைவு; ஆனால் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயனற்றுப்போகும். நோயாளியின் நிறத்தையும் நெஞ்சின் அசைவையும் கருவியின் எண்களையும் கண்ணால் படிக்கவேண்டும். அன்றாடம் பயன்படாத திறன் மங்கும். எனவேதான் அமெரிக்காவில் 1993 முதல் நடைபெறும் விமானச் செவிலியர் சான்றிதழ்த் தேர்வின் தகுதியை, 4 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் அவசர, பேரிடர்ச் செவிலியத்துக்கு ஓராண்டுப் பட்டயம் வகுத்துள்ளது. அது நல்ல அடித்தளம். அதன்மேல் வானுக்குரிய பாடமும் காலமுறைப் பயிற்சியும் எழவேண்டும்.

சங்க அகப்பாடல்களில் செவிலி, உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிப் பாலைவழி நடப்பவள். அச்சொல்லையே இத்தொழிலுக்குச் சூட்டினோம். லட்சத்தீவுக் கடலைக் கடந்து நோயாளிகளுடன் வந்த செவிலியரின் அனுபவங்களை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்ய, செவிலிய மாணவர்களும் வரலாற்று மாணவர்களும் இணைந்து முன்வர வேண்டும். நமக்கான பாடத்திட்டத்தின் முதல் பக்கங்கள் அவர்களிடமே உள்ளன.