சுழல் எஞ்சினும் எண்ணெயின் சூடும்

செட்டிநாட்டுக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், லண்டனை ஒட்டிய கிராய்டனில் விமானம் ஓட்டப் பயின்ற கோட்டையூர் அழகப்பச் செட்டியாரைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் செட்டிநாடு ஓடுதளத்தைச் சொல்வார்கள். குன்றக்குடிக்குப் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வர வேண்டும் என்பது என் கட்சி. சிறு விமானங்களில் சுழல் எஞ்சினின் தலைவிதியைக் குதிரைத்திறன் தீர்மானித்ததாகத்தான் பொதுவாக எழுதுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால், சூட்டை அள்ளிக்கொண்டு போகும் எண்ணெயும் அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகப் பூச்சுமே அதைத் தீர்மானித்திருக்கின்றன.

1910 மார்ச்சில் சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டாஞ்சலிஸ், தாமே வரைந்து சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். சொந்த முயற்சியில் விமானம் கட்டும் ஆசை தமிழ்நாட்டில் அவ்வளவு பழையது. அதே காலத்தில் பிரான்சில் செகுவின் சகோதரர்களின் நோம் எஞ்சின் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. அதில் கிராங்க் அசையாமல் நிற்க, ஏழு சிலிண்டர்களும் அதைச் சுற்றிச் சுழலும். விமானம் தரையில் நின்றாலும் காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ச்சிக் கவலை தீர்ந்தது, எண்ணெய்க் கவலை வந்தது. பெட்ரோல் கலவை கிராங்க் பெட்டி வழியாகவே போனதால் சாதாரண எண்ணெயை அது கரைத்துவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெய்தான் தாக்குப்பிடித்தது. ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பாது. புகையோடு வெளியேறி விமானியின் முகத்தில் படியும். முதல் உலகப் போரில் இதன் தேவை பெருகியபோது, அமெரிக்கா இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை வரவழைத்துப் புளோரிடாவில் பயிரிட்டது.

ஃபீலிக்ஸ் வாங்கெலின் எஞ்சின் முற்றிலும் வேறு இனம். 1957 பிப்ரவரியில் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் முதன்முதலாக ஓடிய அதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் உருளும். பிற்பாடு மஸ்தா காரிலிருந்து கழற்றிய 1,308 சிசி எஞ்சினை அமெரிக்காவில் பலர் வீட்டில் கட்டிய விமானங்களில் பொருத்தினார்கள். எடை குறைவு, அதிர்வு குறைவு, பழைய எஞ்சின் மலிவு. ஆனால் கூட்டைச் சுற்றித்தான் தண்ணீர் ஓட முடியும். சுழலும் ரோட்டருக்குள் அது போகாது. தண்டின் துளைகள் வழியாகப் பீய்ச்சும் எண்ணெய்தான் ரோட்டரின் உட்புறத்தை நனைத்துச் சூட்டை வாங்கிவர வேண்டும். குளிர்விப்பான்கள் கழிக்க வேண்டிய சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி எண்ணெய் தலையில் விழுகிறது. எண்ணெயின் வெப்பம் ஏற்கும் திறனோ தண்ணீரில் பாதி அளவுதான். அது தண்ணீரைவிடக் கெட்டியானதும்கூட. குழாய்ச் சுவரை ஒட்டிய எண்ணெய் ஆறிப்போய் அங்கேயே தயங்கி நிற்க, நடுவில் ஓடுவது சூடு தணியாமலே திரும்பிவிடும்.

காரில் ஒழுங்காக வேலை செய்யும் ஆயில் கூலர் விமானத்துக்குப் போதாதா என்று கேட்பது நியாயம். கார் தன் முழுத் திறனையும் சில நொடிகளுக்கே கேட்கிறது. விமானம் மூக்கை நிமிர்த்தி, வேகம் குறைந்து, நிமிஷக்கணக்கில் முழுத் திறனில் ஏறுகிறது. கூலருக்குக் காற்று குறையும் அந்த நேரத்தில்தான் சூடு உச்சத்தில் இருக்கிறது. ரோட்டரைக் காற்றாலேயே குளிர்விக்கலாமே என்பது இன்னொரு வாதம். நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் அப்படிச் செய்தார்கள். உள்ளே இழுக்கும் காற்றை ரோட்டர் வழியாகக் கொண்டுபோனால் அது சூடாகி விரிகிறது, அதனால் திறன் குறைகிறது. எண்ணெயைத் தவிர்த்ததற்கு அங்கே கொடுத்த விலை அது.

இந்தியாவில் வாங்கெல் எஞ்சினைப் பறக்கவிடும் சோதனை 2009 ஏப்ரலில் கோலாரில் நடந்தது. நிஷாந்த் என்னும் ஆளில்லா விமானம், உள்நாட்டில் செய்த 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சினோடு அப்போது பறந்தது. எஞ்சினின் எடை சுமார் 30 கிலோ. அதன் மையப் பகுதி பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் வேலை. துணைப் பாகங்களை அகமதுநகரின் ராணுவ வாகன ஆய்வு நிறுவனம் செய்தது. கூட்டின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. இது அலங்கார முலாம் இல்லை. வாங்கெல் எஞ்சினில் கலவை எப்போதும் ஒரே பக்கத்தில் எரிகிறது, குளிர்ந்த கலவை எப்போதும் மறுபக்கத்தில் நுழைகிறது. ஒரு பக்கம் வெந்தும் மறுபக்கம் ஆறியும் கிடக்கும் சுவர்மேல் ரோட்டரின் முனைச் சீல்கள் ஓயாமல் உரசுகின்றன. பூச்சு உரிந்தால் எஞ்சின் போயிற்று.

இத்தகைய முலாமிடல் மின்வேதியியலின் சொந்தத் துறை. அழகப்பர் தந்த 300 ஏக்கரில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி நிலையம் அந்தத் துறைக்காகவே எழுந்தது. குன்றக்குடி அடிகளார் கிராமத் திட்டம் வகுத்தபோது அந்த நிலையத்தின் அறிவைச் சிறுதொழிலாக ஊருக்குள் கொண்டுவந்தார். நிஷாந்தின் எஞ்சின் இங்கே பிறந்ததில்லையே என்பார்கள். உண்மை. ஆனால் எஞ்சினை வரைந்தவர்கள் பக்கத்தில் முலாமிடுபவர்களின் துறைக்கும் இடம் தராவிட்டால் அந்த வரலாறு பாதிதான் எழுதப்பட்டதாகும்.

இந்த மண்ணுக்கென்றே ஒரு கணக்கும் இருக்கிறது. எண்ணெயை 100 டிகிரியில் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரி நாளில் எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடைவெளி 85 டிகிரி. செட்டிநாட்டில் 40 டிகிரி சுடும் கத்திரி வெயிலில் அது 60தான். கூலர் கழிக்கும் சூடு அங்கேயே முப்பது விழுக்காடு குறைகிறது. வெயிலில் காற்று ஏறத்தாழ எட்டு விழுக்காடு லேசாவதையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். குளிர்நாட்டு அளவில் செய்த கூலரை அப்படியே மாட்டிக்கொண்டு செட்டிநாடு ஓடுதளத்திலிருந்து மே மாதத்தில் கிளம்ப முடியாது. அதே எஞ்சினுக்கு ஒன்றரை மடங்கு பெரிய கூலர் வேண்டும்.