மூணாம் வகுப்புப் பெட்டி எங்கே போச்சு?

எங்க ஊர் பள்ளிப்பட்டு. திருத்தணி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கு. ஊர்ல ரயில் நிலையம் கிடையாது. பஸ் ஏறி நகரிக்கோ திருத்தணிக்கோ போய்த்தான் ரயிலைப் பிடிக்கணும். கிளம்பும்போதெல்லாம் அம்மா ஒரு கேள்வி கேட்பாங்க: "பாத்ரூம் இருக்கிற வண்டியாடா?"

சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா ரயில் பெட்டிகளோட வரலாறே இதுக்குள்ள இருக்கு.

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போற மின்சார லோக்கல் ரயில்ல கழிவறை இல்லை. அகலமான வாசல், குறைவான இருக்கை, பிடிச்சு நிக்கக் கைப்பிடி. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டம் சட்டுனு ஏறி இறங்கணும், அதுக்காகச் செஞ்ச பெட்டி அது. நகரத்துக்குள்ள அரைமணி நேரப் பயணத்துக்குச் சரி. திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். மெமு ரயிலும் மின்சார ரயில்தான், ஆனா அதில் கழிவறை உண்டு. கொஞ்சம் தூரம் போறவங்களை மனசுல வெச்சுச் செஞ்சது.

ஆக, ஒரு பெட்டியோட அமைப்பைப் பார்த்தாலே, அதில் வரப்போறவங்களைப் பத்தி ரயில்வே என்ன நினைச்சதுன்னு சொல்லிடலாம்.

1917 செப்டம்பர். பம்பாயிலிருந்து மெட்ராஸ் மெயிலில் காந்தி மூணாம் வகுப்பில் வந்தார். ராய்ச்சூர், ரேணிகுண்டா, அரக்கோணம்னு வர்ற பாதை. அதாவது நகரியையும் திருத்தணியையும் தாண்டித்தான் மெட்ராஸ் போகணும். 22 பேருக்கான பெட்டி, அதுவும் உட்கார மட்டும். ரெண்டு ராத்திரி பயணம். ராத்திரியில 35 பேருக்கு மேல் இருந்தாங்க, சிலர் அழுக்குத் தரையிலேயே படுத்தாங்க, வழி முழுக்க ஒரு தடவைகூடப் பெட்டியைப் பெருக்கலைன்னு அவர் எழுதியிருக்கார். முதல் வகுப்புக் கட்டணம் ஐந்து மடங்குக்கு மேல. அப்போ மூணாம் வகுப்புக்காரருக்கு அந்த வசதியில ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்குதாங்கறதுதான் அவர் கேள்வி.

சுதந்திரத்துக்கு அப்புறம், 1955ல் சென்னை பெரம்பூர்ல ஐ.சி.எஃப். தொழிற்சாலை வந்தது. சுவிஸ் தொழில்நுட்பத்தில் முழு எஃகுப் பெட்டிகள் செஞ்சாங்க. மரப்பெட்டிகளைவிட விபத்துல உயிர் தப்ப வாய்ப்பு அதிகம். 1974ல் மூணாம் வகுப்புங்கற பெயரையே எடுத்தாங்க. ஆனா மரப்பலகை இருக்கை உடனே மாறலை. 1977ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே காலத்தில்தான் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு நுரை மெத்தை வந்தது. ரெண்டு அங்குலம்தான். ஆனா ராத்திரி முழுக்கப் பலகையில படுத்து வந்தவங்களுக்கு அது பெரிய விஷயம்.

இப்போ ஒரு எக்ஸ்பிரஸ்ல வரிசையா பாருங்க. பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர்ல 72 படுக்கை. ஏ.சி. மூணடுக்குல 64. ஜெனரல் பெட்டியில சுமார் 90 இருக்கை. ஆனா ஸ்லீப்பர்லயும் ஏ.சி.யிலயும் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை இருக்கு, ஏன்னா டிக்கெட்ல படுக்கை எண் இருக்கு. ஜெனரல் டிக்கெட்ல எண் இல்லை. ஆடிக் கிருத்திகை சமயத்துல திருத்தணி ஸ்டேஷன்ல நின்னு பாருங்க, 90ங்கறது பெட்டியில எழுதின எழுத்து மட்டும்தான்னு புரியும். மூணாம் வகுப்பு எங்கேயும் போகலை. எண் இல்லாத டிக்கெட்டுக்குள்ள இருக்கு.

2023ல் சென்னை–விஜயவாடா வந்தே பாரத்தா தொடங்கின வண்டி இதே தண்டவாளத்துல போகுது. முழுக்க ஏ.சி. சேர் கார். வசதியான வண்டிதான், நானும் ரசிச்சிருக்கேன். ஆனா அதில் ஜெனரல் பெட்டி கிடையாது. திருத்தணியில நிக்கறதும் இல்லை.

திண்டிவனம்–நகரி புதுப் பாதைக்கு 2006-07ல் ஒப்புதல் கிடைச்சது. சுமார் 180 கிலோமீட்டர், பள்ளிப்பட்டு வழியா. எங்க ஊர்ல எல்லாரும் கேக்கறது, ரயில் எப்போ வரும்னு. நான் இன்னொண்ணும் கேக்கறேன்: வரப்போற வண்டியில எந்தப் பெட்டி எத்தனை இருக்கும்? நெய்த துணி மூட்டையோட வர்றவருக்கும், கைக்குழந்தையோட வர்றவங்களுக்கும் உட்கார இடம் இருக்குமா?

அம்மாவோட கேள்வியும் பாக்கி இருக்கு. நீங்க அடுத்த முறை ரயில் ஏறும்போது, உங்க பெட்டியை மட்டும் பார்க்காம, பிளாட்பாரத்தோட ரெண்டு கோடி வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.