அடைத்து வைத்த காலமும் அருகில் அமர்ந்து கேட்கும் காலமும்

சைனாடவுனை ஒட்டிய ஊட்ரம் வட்டாரத்தின் ஒரு பகுதிக்கு ‘சிப்பாய் லைன்ஸ்’ என்று பெயர். இந்தியச் சிப்பாய்கள் முகாமிட்டிருந்த இடம். அங்குதான் 1887ல் மனநோயாளிகளுக்கான புதிய காப்பகம் திறக்கப்பட்டது.

அதற்கும் முன்னோடி, 1841ல் பிராஸ் பசா சாலையில் எழுந்த சிறிய மருத்துவமனை. சிறையில் மனநோயாளி ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட்டதே அதைக் கட்டக் காரணம். ஆக, தொடக்கத்தில் நோக்கம் காவல்தான். நோயாளி சொல்வதைக் கேட்பது அல்ல.

1928ல் மருத்துவமனை இயோ சூ காங்கிற்கு மாறியது. அருகிலிருந்த மரப்பாலத்தின் பெயரால் 1951ல் ‘உட்பிரிட்ஜ்’ ஆனது. ‘மென்டல்’ என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கியது.

அதே 1951ல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தம் முக்கிய நூலை வெளியிட்டார். உதவி நாடி வருபவரை ‘நோயாளி’ என்று அவர் அழைக்கவில்லை, ‘கிளையன்ட்’ என்றார். குறை காணாமல் கேளுங்கள், அறிவுரையை அவசரமாகத் திணிக்காதீர்கள், வழி காணும் ஆற்றல் வந்தவரிடமே இருக்கிறது என்பது அவர் அணுகுமுறை. இன்று உளவியல் ஆலோசனை அறைகளில் அதன் தாக்கத்தைக் காணலாம்.

சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் 2020 ஜனவரி 1 முதல் இல்லை. தண்டனைக்குப் பயந்து மறைக்க வேண்டிய நிலை போய்விட்டது.

பெயர் மாறியது, சட்டம் மாறியது. “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்று வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கும் பழக்கம் மாறிவிட்டதா?