சமரசப் பேச்சிலிருந்து வெதுப்பகத்துக்கு: அருட்தந்தை கிரெக் பொயிலின் பணி

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலீஸ் நகரில், பொயில் ஹைட்ஸ் பகுதியில் அமைந்துள்ளது டொலொரஸ் மிஷன் என்ற கத்தோலிக்கப் பங்கு. (பங்குத்தந்தைக்கும் ஊருக்கும் உள்ள பெயர் ஒற்றுமை தற்செயலானது.) பிக்கோ கார்டன்ஸ், அலிசோ வில்லேஜ் என்ற இரு அரச வீட்டுத்திட்டங்களும் இப்பங்கில் அடங்கியிருந்தன. இயேசு சபைத் துறவியான கிரெக் பொயில் 1986 இல் இங்கு பங்குத்தந்தையானார். நகரின் மிக வறிய பங்கு அது. எட்டு இளைஞர் குழுக்கள் அங்கு மோதிக்கொண்டிருந்தன. ஆவணங்களற்ற குடியேறிகள் இரவில் உறங்குவதற்கும் அத்தேவாலயம் கதவு திறந்தது.

1988 இல் தன் பங்கின் இளைஞன் ஒருவனை அவர் முதன்முறையாக அடக்கம் செய்தார். அதன்பின் அவர் அடக்கம் செய்தவர்கள் இருநூறுக்கும் மேல். அதே ஆண்டில், பாடசாலைகள் ஏற்காத பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியும், வேலை தேடித்தரும் திட்டமும் பங்கில் தொடங்கின. தாய்மார் வீட்டுத்திட்டங்களின் ஊடாக அமைதி ஊர்வலம் சென்றனர்.

தொடக்கத்தில் அவர் சைக்கிளில் சென்று குழுக்களிடையே சமரசம் பேசினார். பின்னர் அதைக் கைவிட்டார். குழுவோடு பேசப் பேச, அந்தக் குழுவுக்கே மதிப்பும் உயிரும் கூடுகிறது என்பது அவர் பட்டறிந்த பாடம். அதன்பின் குழுக்களோடு அல்ல, தனித்தனி இளைஞர்களோடு மட்டுமே பணி செய்தார்.

1992 கலவரத்தின் பின், திரைப்படத் தயாரிப்பாளர் ரே ஸ்ராக்கின் நிதியுதவியுடன் ஒரு பழைய வெதுப்பகம் இயங்கத் தொடங்கியது. எதிரெதிர்க் குழுக்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாக மாப்பிசைந்தார்கள். அதுவே இன்று ஹோம்போய் இன்டஸ்ட்ரீஸ். சிறை மீண்டோருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி, சம்பளம், உளவளத்துணை, பச்சை குத்தியதை இலவசமாக அகற்றல் ஆகியவை அங்கு கிடைக்கின்றன. 2024 இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அருட்தந்தைக்கு வழங்கப்பட்டது.

1990களில் ரொறொன்ரோவில் எம் பிள்ளைகளும் குழுக்களாய்ப் பிரிந்து மோதியதை நாம் மறக்கவில்லை. அப்போது, "அவன் இன்னாரின் ஆள்" என்று சொல்லி எத்தனை பேரை ஒதுக்கினோம்? எம் கோயில்களிலும் தேவாலயங்களிலும் மண்டபமும் சமையலறையும் இருக்கின்றன. சிறையிலிருந்து திரும்பும் எம் பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை கொடுக்க முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.