ராஜாவோட தேக்கும் என்னோட ரப்பர் டிராயரும்

பொட்டி தட்டுறவனுக்கு உளி எதுக்குடான்னு வீட்ல கேட்டாங்க. கேக்காம பின்கட்டுப் பட்டறைக்கு ஆறு டிராயர் வச்ச ஒரு பெட்டி செஞ்சேன். குலசேகரத்துல மரத்துக்கா பஞ்சம்? சுத்தியும் ரப்பர் தோட்டம். வெட்டின மரத்துப் பச்சைப் பலகை மலிவா கிடைச்சுது.

மூணே மாசம். டிராயரை இழுத்தா ஆணி டப்பா மேல மாவு மாதிரி தூள். வண்டு!

ஆசாரி வந்து பாத்துட்டுச் சிரிச்சார். "மக்கா, ஒனக்க பாட்டாவுக்க அயினிப் பெட்டி அங்கதானே கெடக்கு? அதுல தூளு விழுந்து பாத்திருக்கியா?"

பாட்டா ஏன் தேக்குல செய்யலைன்னு அப்பத்தான் யோசிச்சேன். காசு மட்டும் காரணமில்லை. இந்தப் பகுதி 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம், அப்புறம் திரு-கொச்சி, 1956 நவம்பர் 1-லதான் சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. சமஸ்தானத்துல தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜமரங்கள். நம்ம வேலிக்குள்ள தானா முளைச்சாலும் அது சர்க்காருக்குச் சொந்தம். நிழல் நமக்கு, மரம் ராஜாவுக்கு!

மிச்சம் இருந்தது பலாவும் அயினியும். ரெண்டும் ஒரே குடும்பம். பழமும் உண்டு, பலகையும் உண்டு. அயினி தண்ணியைத் தாங்கும், படகு கட்டுற மரம். பலாவும் லேசுப்பட்டதில்லை. இங்கேருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனா தாய்க் கொட்டாரத்துல ஒரு தூணைப் பாருங்க. ஒத்தைப் பலா மரத்துல செதுக்கினது. தேக்கு பூராவும் கையில வச்சிருந்த ராஜவம்சமே பலாவைத் தேடிப் போயிருக்கு.

ரப்பர் இங்க வந்த கதை வேற. 1876-ல ஹென்றி விக்காம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்லேருந்து சுமார் 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அதுல முளைச்ச கன்னுகள்ல பெரும்பகுதி கப்பல்ல இலங்கைக்கு வந்துச்சு. அங்கேருந்து தென்னிந்தியா. நம்ம மாவட்டத்து அரசுத் தோட்டங்களுக்குன்னு 1984-ல அரசு ரப்பர் கழகமே வந்துச்சு.

ஆனா பலகைக்காக யாரும் ரப்பர் நடலை. பால் வத்துற வரைக்கும், ஒரு 25, 30 வருஷம், சீவுவாங்க. அப்புறம் வெட்டினா விறகு, மிஞ்சினா பாக்கிங் பெட்டி. மரம் பூரா மாவுச்சத்து. பலா, அயினி மாதிரி வைரம்னு தனியா ஒண்ணும் தெரியாது. வண்டுக்கு விருந்துதான். வெட்டின சில நாள்லயே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏத்தி, சூளையில காய வச்சாத்தான் நிக்கும். அந்த வேலையை ஒழுங்காப் பண்ணித்தான் 1980-கள்ல மலேசியா இதே மரத்தை உலகம் பூரா மேசை நாற்காலியா வித்துச்சு. நான் மேல வார்னிஷ் மட்டும் அடிச்சேன் :(

பாட்டா பெட்டியைப் பிரிச்சா ஆறு டிராயருக்கும் பலகை தேறும்னு ஆசாரி கணக்குப் போட்டார். உண்மையாவே ஆசை வந்துச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை, பெட்டி மேல இருந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சாங்க. அதைப் பாத்ததும் மனசு மாறிடுச்சு.

மருந்து ஏத்தின ரப்பர் பலகையே வாங்கிட்டேன். இங்க ரெண்டு பருவமழையும் கொட்டும், பலகை ஊதி டிராயர் இறுகிக்கும். அதனால இந்தத் தடவை பக்கத்துக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, அடிப்பலகையைப் பசை போடாம காடியில சும்மா செருகியிருக்கேன். பழைய பலகை எல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சு. புதுசு முடியற வரைக்கும் உளியெல்லாம் பாட்டா பெட்டிக்குள்ளதான் கிடக்கு.