தேறலும் மதுப்பட்டியலும்

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர், தாம் பணிபுரியும் உயர்தர உணவகத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். சிங்கப்பூர் ஆற்றங்கரையை அடுத்த அவ்வுணவகம், ஸ்டேக் எனப்படும் சுட்ட மாட்டிறைச்சிக்குப் பெயர் பெற்றது. நான் இறைச்சியும் மதுவும் தொடாதவன். எனினும் அவர் என் கையில் கொடுத்த ஒயின் பட்டியல் என் கவனத்தை ஈர்த்தது. ஒவ்வொரு மதுவிற்கும் நாடு, தோட்டம், திராட்சை வகை, அறுவடை ஆண்டு, விலை ஆகியன குறிக்கப்பட்டிருந்தன.

"நல்ல பட்டியல் என்பதை எவ்வாறு அறிவது?" என்று வினவினேன்.

"நீளத்தைக் கொண்டு மதிப்பிடக்கூடாது, ஐயா. எங்கிருந்து வந்தது, எவ்வாறு கொண்டுவரப்பட்டது, தக்க குளிர்ச்சியில் காக்கப்பட்டதா, உணவிற்குப் பொருந்துமா என்று பார்க்கவேண்டும்" என்றார் அவர். கொழுப்புள்ள இறைச்சியோடு அருந்தும்போது சிவப்பு ஒயினின் துவர்ப்பு மென்மையடையும் என்றும் விளக்கினார்.

அவ்விளக்கம் எனக்குப் புறநானூற்றின் 56-ஆம் பாடலை நினைவூட்டியது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலை அப்பாடலில் குறிப்பிடுகிறார். கொணர்ந்தவர் யார், எதில் வந்தது, குளிர்ச்சியும் மணமும் எத்தகையன, எவ்வகைக் கிண்ணத்தில் ஊற்றப்பட்டது ஆகிய யாவும் அங்கே உள்ளன. மாணவர் கூறிய அளவுகோல்களில் பெரும்பாலானவற்றைப் புலவர் முன்பே கையாண்டிருக்கிறார் எனலாம்.

இது வெறுங்கற்பனை அன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்வாய்வு நடத்தினர். மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகள் அங்குக் கிடைத்தன. அவற்றுள் கோஸ் தீவின் மதுச்சாடி வகையைச் சேர்ந்தவை பல. கலம் என்னும் தமிழ்ச்சொல் கப்பலையும் குறிக்கும், பாத்திரத்தையும் குறிக்கும். யவனர் மதுவின் வரலாற்றில் அவ்விரண்டும் உண்டு.

ஆயின், அம்மது எல்லார்க்கும் கிட்டியதன்று. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறிப் பகுதிக்கு வந்த பொருள்களுள் மதுவையும் சேர்க்கிறது. அளவு மிகுதியன்று என்றும் சொல்கிறது. அரசன் கையில் யவனர் தேறல். எளியோர் கையில் உள்ளூர்க் கள். மதுவிலும் மேல் கீழ் இருந்தது.

அந்த வேறுபாடு கடல்கடந்தும் வந்தது. சிங்கப்பூரில் 1820-இல் ஃபார்க்குவார், அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு ஆட்சிச் செலவுக்கு வருவாய் தேடினார். மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளியின் கூலி கள்ளுக்கடைக்குச் சென்றது. அக்கடைகளை மூடவேண்டும் என்பது 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். நல்ல மது எது என்பதன்று அவர்கள் வினா. குடும்பத்திற்கு என்ன எஞ்சும் என்பதே.

நம் காலத்திலும் அக்கதை முடியவில்லை. 2013 டிசம்பர் 8-ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் ஒரு தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தபின் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு, மதுவையும் அதற்கு ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. 2015-இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொது இடங்களில் இரவு 10.30 மணிக்குமேல் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவிற்கும் கேலாங்கிற்கும் கூடுதல் கட்டுப்பாடு விதித்தது. உணவகத்தின் குளிரறையில் ஒயின் அருந்துவோரையும் வாரம் ஒருநாள் விடுமுறையில் புல்தரையில் அமர்ந்து பியர் அருந்தும் தொழிலாளியையும் நாம் ஒரே கண்ணால் பார்க்கிறோமா? முன்னவரை இரசிகர் என்கிறோம்; பின்னவரைக் குடிகாரர் என்கிறோம்.

வகுப்பில் தேறல் என்னும் சொல் வரும்போது, "ஒருவகைப் பானம்" என்று பொருள் கூறி விரைந்து கடந்தவர்களுள் நானும் ஒருவன். அது பிழை என்று இன்று உணர்கிறேன். சங்கப் புலவர் மதுவைப் புகழ்ந்ததும் உண்மை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கற்பித்தால், மாணவர் இரண்டையும் நம்பமாட்டார்கள். அரிக்கமேட்டின் சாடியைக் காட்டுகின்ற ஆசிரியர், கிள்ளான் தொழிலாளியின் கோரிக்கையையும் அதே பாடவேளையில் சொல்லவேண்டும்.

விடைபெறும்போது மாணவர் எனக்கு எலுமிச்சைச் சாறு வருவித்தார். "இதற்கும் ஆண்டு உண்டா, தம்பி?" என்று கேட்டேன். "இன்று பிழிந்தது, ஐயா" என்று சிரித்தார். மறுவாரமே அந்த 56-ஆம் பாடலை மறைவின்றி வகுப்பில் நடத்தினேன்.